ஸ்க்ரமுக்கு உள்ளே

செப்டம்பர் 12

அண்ணிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. நடுவில் அண்ணன் போனைப் பிடுங்கி, "ரெண்டு பேரும் போய்த் தண்ணி குடிங்க" என்று வைத்துவிடுகிறான். அதனால் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. நானும் பாதியில் வெட்டிவிட்டு ஓட முடியாது.

இந்த ஊர் ரக்பி கிளப் கட்டடத்தின் மாடியில், பந்து மூட்டைகளும் கிழிந்த மெத்தைகளும் போட்டுவைக்கும் அறைக்கு அடுத்த அறைதான் என் வீடு. சன்னலைத் திறந்தால் மைதானம். காலையில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை. ஹோட்டல் போர்வைகள் சூடாக இயந்திரத்திலிருந்து வரும். நானும் இன்னொருத்தியும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி மடிக்க வேண்டும். நாட்டியம் மாதிரி இருக்கும். எனக்குக் கை எட்டாது என்று ஒரு மரப்பலகை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சாயந்திரம் ரக்பி. பெண்கள் அணிக்கு நான்தான் ஒன்பதாம் எண் ஆட்டக்காரி, நான்தான் கோச்சும். அணித் தலைவி தபால்காரி. ஊரில் எந்த நாய் கடிக்கும் என்பது உட்பட எல்லாம் தெரிந்தவள். முன்வரிசையில் ஒரு பல் டாக்டர். பல்லை உடைப்பதும் அவளே, கட்டி அனுப்புவதும் அவளே. கிளப் தலைவர் குழாய் வேலை பார்ப்பவர். மழை பெய்தால் மைதானத்தைப் பார்த்துத் தன் தொழிலுக்கே அவமானம் என்பதுபோல் தலையில் அடித்துக்கொள்வார். எல்லோரும் நல்லவர்கள். வந்த முதல் வாரமே யாரோ ஒருத்தர் கட்டில், யாரோ ஒருத்தர் ஸ்வெட்டர், யாரோ பால் பாக்கெட் என்று கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கிறோம். ஸ்க்ரம்தான் காரணம். போர்வை மடிப்பவள் ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்துவிட்டு, "அந்தப் பக்கம் எட்டு பேரு, இந்தப் பக்கம் எட்டு பேரு, நின்னுபோன பஸ்ஸைத் தள்ளுற மாதிரி தள்ளுறாங்க. உங்க பஸ் மட்டும் ஏன் பின்னாடியே போகுது?" என்றாள். நான் வெளியே நின்று பந்தை உள்ளே போடுவேன். பின்னால் வந்தால் எடுத்து வீசுவேன். நடுவில், உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நீங்கள் வருஷக்கணக்காக அதற்குள் தலையைக் கொடுத்தவர். நம் ஊர் அணியில் எங்கள் கேப்டன்.

சொல்லித் தருவீர்களா?

குண்டூசி


செப்டம்பர் 20

குண்டூசிக்கு,

படித்தேன். அத்தை நலம். இடுப்பில் வைத்த தகடு ஒட்டிக்கொண்டதாம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்து, நான் வெங்காயம் நறுக்குவதில் குற்றம் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. உன் அண்ணனுக்கு இந்த மாதமும் மாறி மாறி ஷிஃப்ட். எங்கள் வாண்டு குட்டி பேனா மூடியை மூக்கில் போட்டு, எடுத்தாயிற்று.

வாசலில் நடந்ததைத் தாண்டிப் போய்விட்டாய். நான் தாண்டவில்லை. கிளப்பின் அழைப்பு நம் இரண்டு பேருக்கும்தான் வந்தது. அத்தை விழுந்து ஆபரேஷன் ஆன அதே வாரம். நீ பெட்டியோடு கிளம்பும்போது, "போறவங்களுக்கு ஆட்டம், இருக்கறவங்களுக்குப் பாத்திரம்" என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு நீ என்ன சொன்னாய்? "எங்க அண்ணனைக் கட்டிக்கச் சொல்லி உங்களை யாரு கேட்டா?" டாக்ஸி டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இனி ஸ்க்ரம்.

தோளைப் பற்றிப் பேசாதே. எல்லோரும் தோளைப் பற்றியே பேசுவார்கள். காலைப் பார். பஸ் பின்னால் போகிறதென்றால், உன் இரண்டாவது வரிசை முழங்காலை முன்கூட்டியே நீட்டிவிடுகிறது, அதுதான் வியாதி. நீட்டின காலில் தள்ளுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்? மடக்கிக் காத்திருக்கச் சொல். அடிகள் சின்னதாக இருக்கட்டும். முக்கியமாக, எட்டுப் பேரும் ஒரே நொடியில் தள்ள வேண்டும். அதற்கு ஒரு சொல் வேண்டும், இரண்டு ஓசையில். முதல் ஓசையில் இறுக வேண்டும், இரண்டாவதில் தள்ள வேண்டும். பந்தைப் போடும் நீயே அதைக் கத்து.

இதெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க உன் அண்ணனை பீரோவுக்கு முன்னால் நிறுத்தித் தள்ளிப் பார்த்தேன். ஞாபகம் இருக்கிறது. பீரோ கதவு இப்போது மூடுவதில்லை.

அண்ணி


அக்டோபர் 10

அண்ணிக்கு,

பஸ் முன்னால் போனது!

இரண்டு வாரம் வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. மடக்கு, காத்திரு, தள்ளு. இரண்டாவது வரிசையில் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் ஒரு லாரி டிரைவரும். இருவரும் நெட்டை. கால் நடுங்க நின்றுகொண்டு என்னை என்னென்னவோ திட்டினார்கள். அவர்கள் மொழி எனக்கு இன்னும் சரியாக வராது. ஆனால் திட்டு மட்டும் எந்த மொழியிலும் புரிந்துவிடுகிறது. போன சனிக்கிழமை, புள்ளிப் பட்டியலில் எங்களுக்கு வெகு மேலே இருக்கும் அணியோடு ஆட்டம். முதல் ஸ்க்ரமிலேயே அவர்களை இரண்டடி தள்ளினோம். அவர்களுடைய ஒன்பதாம் எண் என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், வீடு மாறி வந்துவிட்டவள் மாதிரி! ஜெயித்தோம். குழாய்க்காரர் சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

இரண்டு ஓசைச் சொல் கேட்டீர்களே. நான் யோசிக்கவே இல்லை. முதல் நாள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது வாயில் வந்தது அதுதான். "அண்ணி!" அண் என்றால் இறுக்கு, ணி என்றால் தள்ளு. அர்த்தம் கேட்டார்கள். "எங்க அண்ணனோட மனைவி. இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது அவங்கதான்" என்றேன். இப்போது எட்டுப் பேரும் சேர்ந்து கத்துகிறார்கள். 'ண' அவர்கள் வாயில் நுழையவில்லை, அன்னீ என்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பல் டாக்டர் என்னைத் தூக்கிச் சுற்றி, "அன்னீக்கு என் நன்றியைச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன்.

வாசலில் நான் சொன்னது ரொம்பத் தப்பு. யாரும் கேட்காமலேயே நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததால்தான் எனக்கு ரக்பியும் தெரிந்தது, ஓர் அக்காவும் கிடைத்தாள். மன்னித்துவிடுங்கள்.

குண்டூசி


அக்டோபர் 19

குண்டூசிக்கு,

அந்தச் சொல்லைப் படித்துவிட்டு உன் அண்ணன் தரையில் உருண்டு சிரித்தான். "ஒரு வீட்டையே தள்ளுறது போதாதுன்னு இப்ப வெளிநாட்டுலயும் தள்ளுறியா" என்றான். குட்டி கதவைத் தள்ளும்போதெல்லாம் "அன்னீ" என்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. குளியலறையில் போய்க் கொஞ்சம் அழவும் செய்தேன். அதை வேறு யாரிடமும் சொல்லாதே.

மன்னிப்புக் கேட்டாய், சரி. ஆனால் எனக்கு வலித்தது வாசலில் நீ சொன்னது மட்டும் இல்லை. அழைப்பு வந்த அன்று நாம் எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நீ சத்தமாக வாசித்தாய். உன் அண்ணன், "சரி, நீ போ. அம்மாவை இவ பாத்துப்பா" என்றான். நீ தலையாட்டினாய். அத்தை உள்ளே கட்டிலில் இருந்து, "எம் மருமக தங்கம்" என்றார். முடிந்தது. "கேப்டன், உங்களுக்கு வர ஆசையா இருக்கா?" என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். அத்தையை விட்டுவிட்டு, குட்டியை விட்டுவிட்டு எங்கே போவது? ஆனால் "நான் போகல" என்று என் வாயால் நான் சொல்லியிருப்பேன். அது என் முடிவாக இருந்திருக்கும். நீங்கள் என்னைக் கேட்காமலேயே எனக்குத் தங்கம் என்று பட்டம் கொடுத்து மூலையில் வைத்துவிட்டீர்கள்.

இதை எழுதியதும் மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது. பதில் எழுத அவசரமில்லை. நன்றாக ஆடு.

அண்ணி


நவம்பர் 15

அண்ணிக்கு,

நேற்று ஜெயித்தோம். வரும் சனிக்கிழமை அரையிறுதி! உங்கள் போன கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன். ஆனால் நீங்கள் சொன்னது சரி.

அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன், சாம்பல் நிறம். ஆட்டத்தின் நடுவில் ஒருத்தியின் காலைப் பிடித்து வீழ்த்தும்போது அவள் முட்டி என் காதுக்கு மேலே லேசாகப் பட்டது. ஒன்றுமில்லை. எழுந்து முழுக்க ஆடினேன். கடைசிப் புள்ளியை நான்தான் போட்டேனாம், தபால்காரி சொன்னாள். இன்று சலவைக்கூடத்தில் போர்வையெல்லாம் ரொம்ப வெள்ளையாக இருந்தது, கண் கூசியது. பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். தூக்கம் போதவில்லை.

சனிக்கிழமை அரையிறுதி. அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன், சாம்பல் நிறம். உங்கள் போன கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

குண்டூசி


நவம்பர் 15

குண்டூசிக்கு,

உன் கடிதத்தை நீயே திரும்பப் படித்துப் பார். சால்வையை இரண்டு தடவை வாங்கியிருக்கிறாய். என்னிடம் இரண்டு தடவை ஒரே வாக்கியத்தில் வருத்தப்பட்டிருக்கிறாய். நீ போட்ட புள்ளியை உனக்கு இன்னொருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் அணியில் பதினைந்தாம் எண் ஆடினாளே, நெட்டச்சி. அடிபட்ட மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நின்று என்னிடம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னாள். சிரித்தேன். அடுத்த ஆட்டத்தில் ஆடினாள், மறுபடி அடிபட்டாள். இன்றைக்கும் அவளால் வெயிலில் நிற்க முடியாது, ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியாது.

அதனால் உன் கிளப்புக்குப் போன் போட்டுவிட்டேன். குழாய்க்காரர் எடுத்தார் என்று நினைக்கிறேன். அவர் பேசியது எனக்குப் பாதி புரியவில்லை, நான் பேசியது அவருக்கு முழுக்கப் புரியவில்லை. உன் பேரைச் சொன்னேன். "தலை" என்றேன். "டாக்டர்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சமாளித்தார். கடைசியில், "நான் அண்ணி பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. "அன்னீ?" என்றார். "ஆமா" என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அவர் உன்னை அழைத்துப் போக வருவார். போ. சனிக்கிழமை நீ ஆடக் கூடாது.

அண்ணி


நவம்பர் 17

அண்ணிக்கு,

தலைக்கு ஸ்கேன் படம் எடுத்துவிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் குழாய்க்காரர் என் ஆட்டச் சட்டையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வாழ்க்கையில் முதல் அரையிறுதி எனக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்களை யாரும் கேட்கவில்லை என்று அவ்வளவு வருத்தப்பட்டு எழுதினீர்களே. இப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? என் ஆட்டத்தை என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை.

எழுதப் பிடிக்கவில்லை.


நவம்பர் 17

குண்டூசிக்கு,

ஆமாம், கேட்கவில்லை. கேட்டிருந்தால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லியிருப்பாய். என்னைக் கேட்காமல் விட்டபோது எனக்குப் புத்தி தெளிவாக இருந்தது. உனக்கு இன்றைக்கு அது இல்லை. அதுதான் வித்தியாசம்.

என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. இருட்டு அறையில் படுத்துக்கொண்டு கோபப்படு. இந்தத் திரையைப் பார்க்காதே.

அண்ணி


டிசம்பர் 6

அண்ணிக்கு,

இதைத் தபால்காரியின் வீட்டில், சன்னல் திரையை இழுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே கூட்டி வந்துவிட்டார்கள். மாடிப்படி ஏறக் கூடாதாம்.

முதலில் படத்தைச் சொல்கிறேன். தலைக்குள் லேசாக ரத்தம் கசிந்திருந்தது. கத்தி வைக்கத் தேவையில்லை, தானாகவே வற்றிவிடும், வற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணனிடம் போனில் "சின்னக் காயம்" என்று மட்டும் சொன்னேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். சனிக்கிழமை ஆடி, இன்னொரு தடவை அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "எழுந்திருக்கவே மாட்டாய்" என்றார். பிறகு, "நீயே வந்தாயா? யார் கவனித்தது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் வராந்தாவில் நின்றிருந்த எட்டுப் பேரும், முன்வரிசை, பின்வரிசை எல்லோரும், ஒரே குரலில் "அன்னீ!" என்று பதில் சொன்னார்கள். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல். நர்ஸ் ஓடிவந்து எல்லோரையும் விரட்டினாள்.

அண்ணி, அன்றைக்கு நான் எழுதின கடிதத்தை எடுத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை தேடித் தேடிப் பார்த்தேன், எதுவும் போதுமான அளவு பெரியதாக இல்லை. நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அவ்வளவுதான். இங்கே எல்லோரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். லாரி டிரைவர் தன் வழியை மாற்றி வந்து சூப் கொடுத்துவிட்டுப் போகிறாள். சலவைக்கூடத்தில் என் மரப்பலகையில் யாரையும் ஏறவிடாமல் வைத்திருக்கிறார்களாம்.

அரையிறுதியை எல்லைக்கோட்டுக்கு வெளியே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பதில் பூக்கடைக்காரி ஆடினாள். முதல் இரண்டு பந்தை நழுவவிட்டாள். ஆனால் பந்தைப் போடும்போது அவள் கத்திய கத்தலில் என் தலை இன்னொரு முறை கசியும் என்று பயந்துவிட்டேன். ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தில் நன்றாக உதை வாங்கித் தோற்றோம். பல் டாக்டருக்கே ஒரு பல் போய்விட்டது.

இனி பல மாதம் நான் ஆடக் கூடாது. அடுத்த சீசனைப் பற்றிப் பிறகுதான் சொல்வார்களாம். கோச்சாக மட்டும் இருந்துகொள் என்று கிளப் சொல்லிவிட்டது. வெளியே உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. உள்ளே ஓடத் தெரிந்த காலை வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம்! நீங்கள் அப்படி எத்தனை மாதமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

குழாய்க்காரர் நேற்று வந்தார். அடுத்த சீசனுக்கு ஸ்க்ரம் சொல்லித்தர நீங்கள் வருவீர்களா என்று கேட்கிறார். குடும்பத்தோடு வந்து தங்கக் கீழ்த்தள வீடு ஒன்று பார்த்திருக்கிறாராம். "அவங்க வீட்டுல கஷ்டம்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். "நான் பதில் சொல்ல முடியாது. அவங்களைக் கேக்கணும்" என்றேன்.

கேட்கிறேன், கேப்டன். உங்களுக்கு வர ஆசையாக இருக்கிறதா?

குண்டூசி


டிசம்பர் 13

குண்டூசிக்கு,

கேட்டதற்கு நன்றி. ஆசையாக இருக்கிறது. ரொம்ப ஆசையாக இருக்கிறது. அடுத்த சீசனுக்கு வரவில்லை.

குழாய்க்காரரிடம் என் வணக்கத்தைச் சொல்லி, அதற்கு அடுத்த வருஷம் மறுபடி கேட்கச் சொல். குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு வருஷம் ஓடட்டும். அத்தை மாடிப்படி ஏறட்டும். இதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதவில்லை. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேண்டும் என்பதையும் நானே சொல்லி, இப்போது வேண்டாம் என்பதையும் நானே சொல்லும் சுகம் எனக்குப் புதிது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தேன். கசிவைப் பற்றி எழுதியதையும் விடவில்லை. உன் அண்ணன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் உன்னைக் கேட்டிருக்கணும்" என்றான். எனக்கு அவன்மேல் பாவமாகிவிட்டது. "சரி, இப்பக் கேளு" என்றேன். "என்ன கேக்க?" என்றான். "செவ்வாய், வியாழன் சாயந்திரம் எங்க போகணும்னு கேளு" என்றேன்.

நம் பழைய மைதானத்துக்குத்தான் போகிறேன். நம் பெண்கள் இன்னும் அங்கே கூடுகிறார்கள், ஸ்க்ரம் மட்டும் சகிக்கவில்லை. போன செவ்வாய்தான் முதல் நாள்; பூட்ஸ் கடித்தது, பழைய சட்டை தோளில் பிடித்தது. அத்தை, "வீட்டுல தனியா உக்காந்து என்ன பண்ண" என்று குட்டியையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். இத்தனை வருஷத்தில் நம் ஆட்டத்தைப் பார்க்க அவர் வந்ததே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். முதல் ஸ்க்ரமில் நாங்கள் முட்டிய சத்தத்தைக் கேட்டு, "ஐயையோ, புள்ளைங்களைப் பிரிச்சு விடுங்கய்யா!" என்று கைத்தடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார். குட்டிதான் அவருக்கு விளக்கம் சொன்னது. மூன்றாவது ஸ்க்ரமில் எதிர்ப்பக்கத்துப் பெண்ணைப் பார்த்து, "என் மருமகளையா தள்ளுற?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது தலைமுடி வரைக்கும் சேறு. கூடத்தில் கால் வைக்கப் போனேன். "அங்கேயே நில்லு" என்றார் அத்தை. கொல்லைப்புறத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ரப்பர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றிச் சுற்றி நிற்கச் சொல்லி தண்ணீர் அடித்தார். முதுகு, முழங்கால், காது மடல் என்று ஒன்று விடவில்லை. குளிரில் எனக்குப் பல் தந்தி அடித்தது. கடைசியில் குழாயைக் கீழே போட்டுவிட்டு, துண்டை நீட்டிக்கொண்டே, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வியாழக்கிழமையும் உண்டுல்ல?" என்றார்.

அண்ணி